நான்கு ஓட்டைகளின் நடமாட்டம்

திண்டுக்கல்லுக்கு வட்டாரத் துல்லிய அளவை நிலையம் வந்ததற்குக் காரணம், ரயில் சந்திப்பில் ஒரு சரக்குப் பெட்டி ஏழு மாதம் நின்றதுதான். கடல் கடந்த நாடொன்று அன்பளிப்பாகக் கொடுத்த முத்திசை அளவை இயந்திரம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அது எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது பற்றி இரண்டு இலாகாக்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. கடிதங்கள் முடிவதற்குள் பெட்டியின் சக்கரங்கள் துருவேறித் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டன. இயந்திரத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோவதைவிட அலுவலகத்தை இயந்திரத்திடம் கொண்டுவருவது எளிது என்று அரசு முடிவு செய்தது. இப்படியாக ஊருக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்தது.

இயந்திரம் பார்க்க அழகாக இருக்கும். கட்டில் அளவுக்குக் கறுப்புக் கல் மேடை. அதன் மேல் இரும்புப் பாலம். பாலத்திலிருந்து ஒரு கம்பி தொங்கும். கம்பியின் நுனியில் கடுகை விடச் சற்றுப் பெரிய குண்டு. கம்பி கிழக்கு மேற்காகப் போகும், வடக்கு தெற்காகப் போகும், மேலும் கீழும் போகும். குண்டு எதையாவது தொட்டால், தொட்ட இடம் எங்கே இருக்கிறது என்று மில்லிமீட்டரை நூறாகப் பிளந்து பக்கத்துப் பெட்டியில் எண்கள் எரியும். இயந்திரத்துக்கு வெயில் ஆகாது என்பதால் அதன் அறைக்குக் குளிர்சாதனம் உண்டு. திண்டுக்கல்லில் சித்திரை மாதம் கம்பளிச் சட்டையும் கழுத்துத் துண்டுமாக நடமாடிய ஒரே மனிதர் அதை இயக்கிய முத்துச்சாமிதான்.

இயந்திரம் சும்மா இருக்கக் கூடாது அல்லவா? ஆகவே பஞ்சாயத்து யூனியன்கள் வாங்கும் இரும்புச் சாமான் எதுவானாலும் நிலையத்தின் சான்றிதழோடுதான் வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவு கையூம் பாய் பட்டறைக்கு வந்து சேர்ந்த அன்று, ஞானதாஸ் ஒரு அடிபம்பின் அடித்தட்டில் நான்காவது ஓட்டைக்கு மரை வெட்டி முடித்திருந்தான்.

ஞானதாஸுக்கு இருபத்தாறு வயது. பகலில் கையூம் பாயின் லேத்தில் கடைசல் வேலை, மாலையில் தொழிற்கல்வி வகுப்பு. வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வான். எழுதியது சரிதானா என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்பான். அவன் சரி என்றால், இவனுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசிப்பான். அன்றாடம் செய்த வேலையையும் அதில் நேர்ந்த தவறையும் குறிப்பதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தான். தவறு எதுவும் இல்லாத நாள்களில் "தவறு: கண்ணில் படவில்லை" என்று எழுதுவான்.

அடித்தட்டு குஜிலியம்பாறைக்குக் கிழக்கே உள்ள ஓணாம்பட்டிக்கானது. அங்கே ஊருக்கே ஒரு அடிபம்பு. அதன் அடித்தட்டு மாசி மாதம் வெடித்துப்போனது. பம்பை ஆழ்குழாயின் வாயில் உட்கார வைப்பது அந்தத் தட்டுதான். நான்கு மூலையிலும் நான்கு ஓட்டை, ஓட்டைக்குள் திருகுசுற்றாக மரை, மரைக்குள் போல்ட் ஏறிப் பம்பைப் பிடித்துக்கொள்ளும். தட்டு போனதால் ஓணாம்பட்டிப் பெண்கள் ஒன்றரை மைல் நடந்து ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். அந்தக் கிணறும் வைகாசிக்கு மேல் தாங்காது என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார்.

தட்டை வாங்கி வரும் பொறுப்பை ஊர் மூக்காயியிடம் ஒப்படைத்திருந்தது. எங்கே போனாலும் காரியம் முடியாமல் திரும்புவதில்லை என்று அவளுக்குப் பெயர். அய்யலூர்ச் சந்தையில் ஒரு கிடாயை விற்றுவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"தட்டு ஆயிருச்சா அப்பு?"

"ஆயிருச்சு அக்கா. ஆனா அளந்து சான்றிதழ் வாங்கணும்."

"நீ அளக்காமலா ஓட்டை போட்ட?"

"அளந்துதான் போட்டேன்."

"அப்புறம் என்ன?"

கையூம் பாய் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அவன் அளந்தா அது வேலை ஆத்தா. அவுக அளந்தாத்தான் அளவு. ஒரு நாள் வேலை. நாளைக்கு வாங்கிட்டுப் போயிரலாம்."

கையூம் பாய் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். பாவம், தெரியாமல் சொன்னார்.

நிலையத்தில் தட்டை ஏற்றுக்கொள்ள ஒரு பதிவேடு இருந்தது. அச்சகத்திலிருந்து சொந்தப் பதிவேடு வரும்வரை பயணியர் விடுதியின் பழைய பதிவேடு ஒன்றை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பெயர், சொந்த ஊர், வந்த காரியம், உடன் வந்தவர்கள் என்று கட்டங்கள். ஞானதாஸ் யோசித்து யோசித்து நிரப்பினான். பெயர்: அடித்தட்டு. சொந்த ஊர்: கையூம் பட்டறை. வந்த காரியம்: அளக்கப்படுதல். உடன் வந்தவர்கள் என்ற இடத்தில் பேனா நின்றது.

"ஓட்டை எத்தனை?" என்றார் முத்துச்சாமி.

"நாலு."

"அப்ப நாலு பேருன்னு போடுங்க."

தட்டு உடனே அளக்கப்படவில்லை. வெயிலில் வந்த இரும்பு விரிந்திருக்கும். அறையின் குளிருக்கு அது பழகி அமைதியடைய இருபத்துநான்கு மணி நேரம் வேண்டும். இது நியாயம்தான் என்று ஞானதாஸ் நோட்டில் குறித்துக்கொண்டான். விண்ணப்பமும் வெயிலில் வந்ததால் அதற்கும் இருபத்துநான்கு மணி நேரம் என்றார்கள். அதையும் குறித்துக்கொண்டான்; பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

மூன்றாம் நாள் அளந்தார்கள். ஞானதாஸும் மூக்காயியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். முத்துச்சாமி கம்பியை முதல் ஓட்டைக்குள் இறக்கி, ஒரே ஆழத்தில் நிறுத்தி, நான்கு திசையிலும் குண்டைத் தொடவைத்தார். எண்கள் எரிந்தன. கூட்டிக் கழித்து நடுப்புள்ளியைக் கண்டுபிடித்தார். ஓட்டை இருக்க வேண்டிய இடத்திலிருந்து நூறில் முப்பத்தெட்டுப் பங்கு கிழக்கே தள்ளி இருந்தது. இருபது பங்குக்கு மேல் தள்ளினால் தட்டு தள்ளுபடி.

ஞானதாஸ் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டான். முப்பத்தெட்டா?

முத்துச்சாமி டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தார். இந்தத் தடவை கம்பி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. ஓட்டை நாற்பத்தொரு பங்கு வடக்கே இருந்தது. முத்துச்சாமி போய் அதிகாரியை அழைத்து வந்தார்.

அளவை அதிகாரி சூசைராஜ் உயரமானவர். எதையும் தீர விசாரிக்காமல் முடிவுக்கு வரமாட்டார். இரண்டு அளவுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"தம்பி, இந்த இயந்திரம் பொய் சொல்லாது. நான் சொல்வேன். என் மனைவி சொல்வாள். இந்த இயந்திரம் சொல்லாது. பதினொன்று பத்துக்கு ஓட்டை கிழக்கே இருக்கிறது என்றது. அப்போது கிழக்கே இருந்தது. பதினொன்று நாற்பதுக்கு வடக்கே என்றது. அப்போது வடக்கே இருந்தது. இரண்டு தடவையும் இயந்திரம் சரி. அப்படியென்றால் நகர்ந்தது யார்?"

ஞானதாஸ் தயங்கினான். "ஓட்டையா சார்?"

"நீங்களே சொல்லிவிட்டீர்கள். எழுதிக் கொடுங்கள்."

எழுதிக் கொடுத்தான். மறுநாள் அவனுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. முற்பகல் பதினொன்று பத்துக்கும் பதினொன்று நாற்பதுக்கும் இடையில் ஓட்டை தன் இடத்தைவிட்டுச் சென்றதன் காரணத்தை மூன்று நாளுக்குள் விளக்க வேண்டும். ஞானதாஸ் இரண்டு தாள் கிழித்துவிட்டு மூன்றாவதில் எழுதினான்: "மேற்படி நேரத்தில் நான் வெளியே நின்றிருந்தேன். ஓட்டை உள்ளே இருந்தது. எங்களுக்குள் பேச்சுவார்த்தை எதுவும் இல்லை." எழுதிவிட்டு, கடைசி வரி மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, "ஐயா" என்று சேர்த்தான்.

"ஏலே, நீ ஏன்லே இம்புட்டுப் பணியுற?" என்றார் கையூம் பாய். "முப்பது வருசமா ஓட்டை போடுறேன். எங்கயும் எந்திரிச்சுப் போனதில்ல."

"இயந்திரம் சொல்லுது பாய்."

"இயந்திரத்துக்கு ஓட்டை போடத் தெரியுமா?"

"அளக்கத் தெரியும்ல."

பாய் லேத்தை ஓடவிட்டார். அன்று நோட்டில் ஞானதாஸ் எழுதினான்: "தவறு: என்னுடையது. எது என்று தெரியவில்லை."

நிலையத்தில் ஓட்டை நடமாட்ட விசாரணைக் குழு அமைந்தது. குழு முதலில் ஓட்டையைக் கண்காணிக்கத் தீர்மானித்தது. முத்துச்சாமி ஒரு முழுப் பகல் தட்டின் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தடவை "நகரவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். மாலையில் அளந்து பார்த்தால் ஓட்டை முப்பத்தைந்து பங்கு மேற்கே இருந்தது. பார்க்கும்போது நகராமல் தொடும்போது மட்டும் நகர்கிறது. அது கூச்ச சுபாவமுள்ள ஓட்டை என்று குழு பதிவு செய்தது. மற்ற மூன்று ஓட்டைகளையும் அளந்தார்கள். ஒன்று தெற்கே போயிருந்தது, இரண்டு கிழக்கே. முதல் ஓட்டை மற்றவற்றைக் கெடுத்துவிட்டது என்று சூசைராஜ் அபிப்பிராயப்பட்டார்.

குழுவில் ஒருவருக்கு மட்டும் குண்டின் மேல் சந்தேகம் வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குண்டின் கிழக்குப் பக்கம் சிவப்பாக இருந்தது. போன ஆயுத பூஜைக்கு இயந்திரத்தின் எல்லா உறுப்புகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது அதற்கும் வைத்திருக்கிறார்கள். துடைக்கலாம் என்று முத்துச்சாமி கையெடுத்தார்.

"நிறுத்துங்கள்," என்றார் சூசைராஜ். "ஆறு மாதமாக எல்லா அளவையும் இதோடுதான் எடுத்திருக்கிறோம். இப்போது துடைத்தால் ஆறு மாத அளவும் தவறு என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகும். குங்குமத்தின் தடிமனை அளந்து, கிழக்குப் பக்க எண்ணில் கழித்துக்கொள்ளுங்கள்."

அதற்குக் குங்குமத் திருத்தம் என்று பெயர் வைத்துச் சுற்றறிக்கை போனது. குங்குமம் தேயத் தேயத் திருத்தமும் மாறும் என்பதால், தினமும் காலையில் அதே அளவு குங்குமம் வைக்க முத்துச்சாமிக்கு உத்தரவு. அவரும் பக்தியோடு செய்தார்.

இதற்குள் சித்திரை பாதி போய்விட்டது. மூக்காயி நான்காம் தடவையாக வந்து, நிலையத்தின் வாசல் தகரப் பந்தலில் ஞானதாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பு, ஒண்ணு கேக்குறேன். அந்தத் தட்டுல ஓட்டை இருக்கா இல்லையா?"

"இருக்கு அக்கா."

"போல்ட் போகுமா போகாதா?"

"போகும்."

"பம்பு உக்காருமா உக்காராதா?"

ஞானதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "அதான் அக்கா தெரியல. இயந்திரம் சொல்றது நிசம்னா உக்காராது."

"நான் இயந்திரத்தைக் கேக்கல. உன்னையக் கேக்குறேன்." மூக்காயி அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "தோட்டத்துக் கிணத்துல இப்பச் சேறுதான் வருது. துணியில வடிகட்டிப் பிள்ளைகளுக்குக் குடுக்குறோம். நேத்து ரெண்டு பிள்ளைகளுக்கு வயித்துப்போக்கு. உங்க சாரு ஓட்டையத் தேடி முடிக்கிறவரைக்கும் அதுக தாங்குமான்னு கேட்டுச் சொல்லு."

ஞானதாஸ் அதைக் கேட்கவே உள்ளே போனான். ஆனால் அன்று சென்னையிலிருந்து இணை இயக்குநர் ஆய்வுக்கு வந்திருந்தார். மாலை மரியாதை நடந்துகொண்டிருந்தது. கதவோரம் நின்று அவருடைய பேச்சைக் கேட்கத்தான் முடிந்தது.

"துல்லியம் அவசரத்தின் எதிரி," என்றார் இணை இயக்குநர். "இந்த நிலையம் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு பொருளைக்கூடத் தவறாகச் சான்றளித்ததில்லை. ஒரு பொருளையுமே சான்றளித்ததில்லை என்று சிலர் இதைக் கொச்சைப்படுத்தக்கூடும். அவர்களுக்குச் சொல்கிறேன்: சான்றளித்திருந்தால் தவறு நேர்ந்திருக்கலாம் அல்லவா? நேரவில்லை. இந்தச் சாதனையைக் கட்டிக் காப்பது உங்கள் கடமை."

எல்லோரும் கை தட்டினார்கள். கைகள் கம்பளிச் சட்டைக்குள் இருந்ததால் முத்துச்சாமியின் கைதட்டல் மட்டும் சத்தமில்லாமல் இருந்தது.

அந்த வாரம் வத்தலக்குண்டில் ஒரு அரிசி ஆலையில் மோட்டார் பழுது பார்க்க ஞானதாஸ் போனான். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கொடைக்கானல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூரத்தில் மலைச்சாலையில் ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் தெரிந்தது, வளைவில் மறைந்தது, மறுபடி தெரிந்தபோது இன்னும் உயரத்தில் இருந்தது. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாலை. மலையின் ஒரு பக்கம் ஆயிரம் அடி உயரத்தில் சாலை இருந்தால், அதே ஆயிரம் அடியில் மறுபக்கம் சாலை இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பள்ளம் இருக்கலாம்.

ஞானதாஸ் பஸ்ஸை விட்டுவிட்டான். அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டான்.

மரையும் அப்படித்தானே சுற்றிச் சுற்றி ஏறுகிறது? முத்துச்சாமி ஒரே ஆழத்தில் நான்கு பக்கமும் தொடுகிறார். கிழக்கே குண்டு மரையின் மேட்டில் படும்; அதே ஆழத்தில் மேற்கே பள்ளத்தில் விழும். மேடும் பள்ளமும் சேர்த்து நடுப்புள்ளி கணக்கிட்டால் அது நடுவிலா இருக்கும்? அடுத்த தடவை சற்று ஆழம் மாறினால் மேடும் பள்ளமும் திசை மாறும். ஓட்டை எங்கேயும் போகவில்லை. தொட்ட இடம்தான் மாறியிருக்கிறது.

பட்டறைக்கு வந்ததும் ஒரு பெரிய நட்டை எடுத்து, அதற்குள் குண்டு நுனிக் கம்பி ஒன்றை விட்டு, பதினாறு ஆழத்தில் பதினாறு தடவை அளந்தான். பதினாறு தடவையும் நட்டின் நடு வேறு வேறு இடத்தில் இருந்தது. பிறகு நட்டுக்குள் ஒரு போல்ட்டை இறுக்கமாக முறுக்கி, போல்ட்டின் மரையில்லாத வழவழப்பான உடம்பைத் தொட்டு அளந்தான். பதினாறு தடவையும் ஒரே இடம். போல்ட்டின் நடுதான் ஓட்டையின் நடு. இவ்வளவு எளிதாக இருக்க முடியாது, எங்கோ தவறு இருக்கும் என்று எண்ணி இன்னொரு பதினாறு தடவை அளந்தான்.

மறுநாள் நோட்டோடு சூசைராஜ் முன் நின்றான். அவர் பொறுமையாகக் கேட்டார். மலைச்சாலை உவமை அவருக்குப் பிடித்திருந்தது; கொடைக்கானலுக்குப் போய்வந்த கதையைச் சொன்னார். பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

"பதினான்காம் விதி. அளக்கப்படும் ஓட்டை காலியாக இருக்க வேண்டும். நீங்கள் போல்ட்டை முறுக்கச் சொல்கிறீர்கள். முறுக்கினால் அங்கே ஓட்டை இருக்குமா?"

"அடைஞ்சிருக்கும் சார்."

"அடைந்தால் அது ஓட்டையா?"

"இல்ல சார். ஆனா போல்ட்டை அளந்தா..."

"போல்ட்டை அளந்தால் போல்ட் எங்கே இருக்கிறது என்று தெரியும். இல்லாத ஓட்டை எங்கே இருக்கிறது என்று நான் எப்படி எழுதுவேன்? நாளைக்குத் தணிக்கையில் கேட்டால், ஓட்டைக்குப் பதிலாக அதில் குடியிருந்தவரைப் பார்த்தேன் என்று சொல்லவா? போல்ட்டுக்குத் தனிப் படிவம் இருக்கிறது. முளைத்து நிற்கும் உருண்டைப் பொருள்கள், வியாழக்கிழமை."

"அப்ப தட்டு என்னாகும் சார்?"

சூசைராஜ் கோப்பைப் புரட்டினார். "அளவு நிலைக்காததால் தட்டு தள்ளுபடி. எடுத்துப் போகலாம். ஓட்டைகள் மட்டும் விசாரணை முடியும்வரை நிலையத்தின் பொறுப்பில் இருக்கும்."

"தட்டை மட்டும் எப்படி சார் எடுத்துட்டுப் போறது?"

"அது உங்கள் பாடு. ஓட்டைகள் வெளியே போகக் கூடாது."

ஞானதாஸ் தட்டை வாங்கிக்கொண்டு தகரப் பந்தலுக்கு வந்தான். கையூம் பாய் நின்றுகொண்டிருந்தார். வேகிற தகரத்துக்கு அடியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வேறு யாராவது இருந்தால் தட்டை வீசிவிட்டுப் போயிருப்பார்கள். ஞானதாஸுக்கு அது தோன்றாது. ஓட்டைகள் வெளியே போகக் கூடாது என்றால் அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்று யோசித்தான்.

"பாய்," என்றான் கடைசியில். "இந்தப் பம்பைத் தலையுள்ள போல்ட் போட்டு மேலேருந்துதான் முறுக்கணுமா? தட்டுல தலையில்லாத போல்ட்டை முதல்லயே முறுக்கி நிப்பாட்டிட்டா, பம்பை மேலேருந்து இறக்கி நட்டு போட்டு இறுக்கலாம்ல?"

"இறுக்கலாம். இன்னும் உறுதியா நிக்கும்."

"அப்ப தட்டுல ஓட்டையே இருக்காது. நாலு கால்தான் இருக்கும்."

கையூம் பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே ஞானம், நீ தெரிஞ்சு பேசுறியா தெரியாமப் பேசுறியா?"

"தெரியல பாய்," என்றான் ஞானதாஸ் உண்மையாகவே.

பட்டறையில் நான்கு தலையில்லாத போல்ட்டுகளைக் கடைந்து கொண்டுவந்து, பந்தலிலேயே நான்கு ஓட்டைகளிலும் அசையாமல் முறுக்கி, வியாழக்கிழமை "நான்கு கால் தட்டு" என்ற பெயரில் விண்ணப்பித்தார்கள். பதிவேட்டில் உடன் வந்தவர்கள்: இல்லை. அதே தட்டு என்பது முத்துச்சாமிக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை. தன் முன்னால் வைக்கப்படாத கேள்விக்கு விடை சொல்வது அவர் வழக்கம் இல்லை.

முத்துச்சாமி ஒவ்வொரு காலின் வழவழப்பான உடம்பையும் நான்கு பக்கம் தொட்டார். மூன்று பங்கு. டீ குடித்துவிட்டு வந்து தொட்டார். மூன்று பங்கு. அடுத்த கால், நான்கு பங்கு; அப்புறம் மூன்று; அப்புறம் இரண்டு. எத்தனை தடவை தொட்டாலும் எண்கள் அதேதான். பதினான்கு மாதத்தில் அந்த இயந்திரம் சொன்னதையே திருப்பிச் சொல்லி அவர் பார்த்ததில்லை.

சூசைராஜ் நிலையத்தின் முதல் சான்றிதழில் கையெழுத்திட்டபோது புகைப்படக்காரரை வரவழைத்தார்கள். "எந்தப் பொருளும் ஒழுங்காக நடந்துகொண்டால் நாங்கள் ஏன் மறுக்கப் போகிறோம்?" என்று சூசைராஜ் ஞானதாஸின் தோளில் தட்டினார். "அந்தப் பழைய தட்டையும் இதையும் பாருங்கள். உங்கள் வேலை எவ்வளவு முன்னேறியிருக்கிறது."

அன்று நோட்டில் ஞானதாஸ் எழுதினான்: "தவறு: இல்லை. (மீண்டும் சரிபார்க்க வேண்டும்.)"

மறுநாளே ஓணாம்பட்டியில் தட்டை மாட்டினார்கள். யூனியன் ஓவர்சியர் சான்றிதழை இரண்டு தடவை படித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆறு பேர் பம்பைத் தூக்கிப் பிடித்தார்கள். இறக்குவதற்கு முன்னால் ஞானதாஸ் கண்ணை மூடிக்கொண்டான். முப்பத்தெட்டா, மூன்றா? இரும்பு இரும்பின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும் ஓசை கேட்டது. தடங்கல் இல்லை, சுத்தியல் அடி இல்லை. கண்ணைத் திறந்தபோது பம்பு உட்கார்ந்திருந்தது. நான்கு நட்டுகளையும் விரலாலேயே பாதிவரை ஏற்ற முடிந்தது. மூக்காயி கைப்பிடியைப் பிடித்தாள். இருபது அடி வெறும் காற்று, பத்து அடி துருத் தண்ணீர், அதற்கப்புறம் நல்ல தண்ணீர். பெண்கள் குடங்களோடு நெருக்கியடித்தார்கள். ஞானதாஸ் கை நிறையப் பிடித்துக் குடித்தான். மூக்காயி மட்டும் வரிசையில் கடைசியாக நின்றாள். காரியம் முடிந்துவிட்டதா என்று நிச்சயமாகத் தெரியும்வரை அவளுக்குத் தாகம் எடுக்காது போலும்.

காரியம் முடியவில்லைதான். மூன்றாவது வாரம் ஓணாம்பட்டிக்கு ஜீப் வந்தது. நட்டு இறுக்கம் பார்க்க ஞானதாஸ் அன்று அங்கே இருந்தான். ஜீப்பிலிருந்து சூசைராஜும் முத்துச்சாமியும் இறங்கினார்கள். முத்துச்சாமிக்குக் கம்பளிச் சட்டை இல்லாமல் என்னவோ போல இருந்தது.

"ஞானதாஸ், ஒரு சிக்கல்," என்றார் சூசைராஜ். அவர் முகம் வாடியிருந்தது. "விசாரணைக் கோப்பு சென்னைக்குப் போனது. நிலையத்தின் பொறுப்பில் நான்கு ஓட்டைகள் இருப்பதாக அதில் எழுதியிருக்கிறேன். இணை இயக்குநர் அவற்றை நேரில் பார்க்க வருகிறார். தேடிப் பார்த்தோம். இல்லை."

"சார், அது..."

"எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முத்துச்சாமி சொல்லிவிட்டார்; கேட்டேன், சொன்னார். அந்த நாலு காலையும் கழற்றுங்கள். ஓட்டைகளை நான் கொண்டுபோக வேண்டும்."

பம்படியில் நின்ற பெண்கள் தண்ணீர் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஞானதாஸ் நகர்ந்து பம்புக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்றான். தான் அப்படி நின்றதை அவனே சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தான்.

"கழட்ட முடியாது சார். சான்றிதழ் பெற்ற கால்கள். கழட்டினா உங்க சான்றிதழ் பொய்யாயிரும்."

சூசைராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. நிலையத்தின் ஒரே சான்றிதழ் அது. அதன் நகலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். "கழற்றாவிட்டால் என் கோப்பு பொய்யாகிவிடும்," என்றார். "இருபத்திரண்டு வருட சர்வீஸ் தம்பி."

மூக்காயி முன்னால் வந்தாள்.

"சாருக்கு ஓட்டைதான வேணும்?"

"நான்கு."

அவள் வீட்டுக்குப் போய் ஒரு தகர வாளியைக் கொண்டுவந்தாள். ஒன்றரை மைல் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்த வாளி. அடியில் துரு தின்றிருந்தது. சூசைராஜ் அதை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தார். எண்ணினார். முத்துச்சாமியும் எட்டிப் பார்த்து எண்ணினார்.

"மூன்றுதான் இருக்கிறது," என்றார் சூசைராஜ்.

மூக்காயி கையை நீட்டினாள். "அப்பு, ஆணி இருந்தாக் குடு."

ஞானதாஸ் பையிலிருந்து ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக் கொடுத்தான். ஒரே அடி. வாளியை மறுபடி வெயிலில் பிடித்து, சூசைராஜ் நான்கு என்று சொன்னார். ஜீப்பின் முகப்பில் வைத்து ரசீது எழுதினார், ஞானதாஸ் கையெழுத்திட்டான். பிறகு அதிகாரி இரண்டு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வாளியை மடியில் வைத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டார்.

இணை இயக்குநர் வந்து பார்த்துத் திருப்தி தெரிவித்தார். வாளி இன்றும் குளிர்சாதன அறையில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நான்கு ஓட்டைகளும் அதன் பிறகு இடம் பெயரவில்லை என்று நிலையத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது.